எட்டாம் குளம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நான் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறேன். ஆசைப்பட்டு அல்ல. முடிந்துபோன கல்யாணத்துக்கு இப்போது பத்திரிகை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பி.எச்டி. ஆய்வு, இறாலின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் பற்றியது. வேதாரண்யம் பக்கம் ஒரு பண்ணையில் இருபது குளங்கள். பாதிக் குளங்களில் வெண்கழிச்சல் நோய், பாதி நன்றாக இருந்தன. ஒவ்வொரு குளத்து இறால் குடலையும் குப்பியில் போட்டுச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். அவர்கள் எந்தக் குளத்தில் எந்த நுண்ணுயிரி எவ்வளவு என்று எண்ணி அனுப்பினார்கள். கூடவே சிவப்பும் நீலமுமாக ஒரு படமும் வரைந்து கொடுத்தார்கள். எங்கள் துறையில் எல்லோருமே இப்படித்தான். படம் வரும், ஆய்வேட்டில் ஒட்டுவோம், கீழே “படம் 4” என்று எழுதுவோம். அதற்கு மேல் அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அந்தப் படத்தின்படி, ஒரு நுண்ணுயிரி பெரும்பாலான நல்ல குளங்களில் மண்டிக் கிடக்கிறது, பெரும்பாலான நோய்க்குளங்களில் இல்லை. என் கைடும் துறைத் தலைவருமான டாக்டர் குணசீலன் அதற்குக் “காவல் நுண்ணுயிரி” என்று பெயர் சூட்டி, மூன்று மாநாடுகளில் பொன்னாடை வாங்கிவிட்டார்.

இப்போது என் ஆய்வுக் குழுவில் வெளியிலிருந்து வரும் பேராசிரியர் ஹமீதா பானு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். படம் சரி, அதை வரைந்த நிரல் எங்கே, கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவரவும் என்று. சென்னைக் கம்பெனியைக் கூப்பிட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது.

“படந்தான் கையில இருக்கேம்மா அமுதவல்லி. ப்ரோகிராம்தான இல்ல? எழுதிடு” என்றார் சார்.

“எனக்கு ப்ரோகிராம் தெரியாது சார்.”

“எனக்கு மட்டும் தெரியுமா? நான் ஹெச்.ஓ.டி.யா இல்லையா?”

கூட்டம் ஜூலை 24. அதே மாதத்தோடு என் ஏழு வருடக் கெடுவும் முடிகிறது. குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவு காலாவதி. பட்டம் இல்லாவிட்டால் நான் ஆயுசுக்கும் கௌரவ விரிவுரையாளர்தான். அந்தக் கௌரவம் எப்படிப்பட்டது என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எனக்கு இன்னும் நாற்காலி ஒதுக்காததிலிருந்து தெரியும்.

ஜூன் 5, புதன்

இணையத்தில் இலவசப் பாடம் கிடைத்தது. “உயிரியலாளர்களுக்கான பைத்தான்”. நடத்துபவர் ஒரு பையன். முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு பாடத்தையும் “இது மிகவும் எளிது” என்று ஆரம்பிக்கிறான். அவனை நேரில் பார்த்தால் இறாலின் குடலை ஊசியால் நோகாமல் உருவச் சொல்ல வேண்டும். அதுவும் மிகவும் எளிதுதான்.

மென்பொருளைப் பதிவிறக்கியதில் அரை நாள் போயிற்று. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு அடைப்புக்குறியை மூடவில்லை. அதற்கு நாற்பது வரித் திட்டு.

ஜூன் 19, புதன்

இந்தப் பிறவி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. முதல் ஆள் பூஜ்யம், இரண்டாம் ஆள் ஒன்று. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவர் மாசிலாமணியிடம் சொன்னேன். “அப்ப எனக்கு ரெண்டு தோசை போதும்” என்று சொல்லி மூன்று தின்றுவிட்டுப் போனார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

ஒரு விஷயம் மட்டும் பிடித்திருக்கிறது. நிரலில் # என்று போட்டு ஆரம்பிக்கும் வரியைக் கணினி படிப்பதே இல்லை. அது மனிதர்களுக்காக எழுதுவது. இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தேன் என்று, பின்னால் வருபவருக்குச் சொல்லி வைக்கலாம். தமிழிலும் எழுதலாம். நான் முதலில் எழுதியது: “# இந்தப் பையன் சொன்னதால் எழுதுகிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை.”

பிடித்திருக்கிறது என்று எழுதியதற்காக இதில் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்.

ஜூலை 2, செவ்வாய்

காய்கறி வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் கூட்டல் போடுவதைப் பார்த்து “இதற்கு நிரலில் ஒரு சுற்று எழுதினால் அதுவே கூட்டிவிடுமே” என்று நினைத்தேன். வெயில் அதிகம்.

சார் மதியம் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில். காவல் நுண்ணுயிரியை வளர்த்துக் கலங்கலான திரவமாக்கி “குணரட்சா” என்று லேபிள் ஒட்டியிருக்கிறார். லேபிளில் இறாலைவிட அவர் படம் பெரிது.

“குளத்துல ஊத்துனா நோயே வராது. நம்ம வேதரத்தினம் பண்ணையிலயே முதல்ல இறக்குறோம். புதுக் குஞ்சு விடப்போறாராம், சரியான நேரம்.”

வேதரத்தினம்தான் எங்களுக்கு மாதிரிகள் கொடுத்த பண்ணைக்காரர். போன நோயில் பாதிக் குளத்தைப் பறிகொடுத்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை. மாதிரி எடுத்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்கு நடுவே நான் கிடக்க, சார் ஜீப்பில் போய் வலையைப் பிடித்து நிற்பதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டு, குப்பிகளை அங்கிருந்தே சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

நிரல் கிட்டத்தட்ட முடிந்தது. அது செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். கம்பெனி கொடுத்த எண்ணிக்கை ஒரு கோப்பில் இருக்கிறது, குப்பி எண் வாரியாக. எந்தக் குளத்துக்கு நோய், எதற்கு இல்லை என்ற பட்டியல் இன்னொரு கோப்பில், சார் தயாரித்தது. இரண்டையும் எண் பார்த்து ஜோடி சேர்த்துப் படம் வரைய வேண்டும்.

ஓட்டினேன். நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஒரே வரி: கீ எரர், 8.

எட்டாம் எண் குப்பி இல்லை என்கிறது. நான் பட்டியலைப் பார்த்தேன், எட்டு இருக்கிறது. கம்பெனி கோப்பைப் பார்த்தேன், ஏழுக்கு அடுத்து ஒன்பது. குப்பி தொலைந்துவிட்டது போல.

ஜூலை 10, புதன்

“எட்டு இல்லைன்னா எட்ட விட்டுடு. இதுக்கெல்லாமா என்கிட்ட வருவ?” என்றார் சார்.

“எண் இல்லாவிட்டால் தாண்டிப் போ” என்று ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன்.

படம் வந்தது. அதே சிவப்பு, அதே நீலம். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஆய்வகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில், பாம்பின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நான் அடக்கிவிட்டேன்.

சார் மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லித் துறைக்கே கொடுத்தார். வெற்றி அவருடையது என்று எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

ஜூலை 12, வெள்ளி

சும்மா எண்ணினேன். படத்தில் குளத்துக்கு ஒரு பத்தி வீதம் பத்தொன்பது பத்திகள்தான் இருக்கின்றன. குளம் இருபது. சரி, எட்டு தொலைந்தது, கழித்தால் பத்தொன்பது. கணக்கு சரி.

ஆனால் கம்பெனி கோப்பில் இருபது குப்பிகள் இருக்கின்றன. கடைசிக் குப்பியின் எண் இருபத்தொன்று.

தொலைந்துபோனது ஒன்று என்றால் இது எங்கிருந்து வந்தது? மூன்று மாநாடுகள், ஒரு கட்டுரை, மூன்று பொன்னாடைகள். ஒருத்தர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான். வேலை முடிந்துவிட்டது, எனக்கு இது தேவையில்லாதது. நாளை சனிக்கிழமை, வீட்டில் துணி ஊற வைக்க வேண்டும்.

ஜூலை 13, சனி

துணி ஊறவில்லை. வேதாரண்யம் போயிருந்தேன்.

வேதரத்தினம் நல்ல கருப்பு, நல்ல உயரம். பனியனுக்கு மேல் துண்டு. நான் கல்லூரி என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குளக்கரையில் கூட்டிப்போனார். நடுவில் வாய்க்கால். கிழக்கே ஒன்று, மேற்கே இரண்டு, கிழக்கே மூன்று என்று மாறி மாறிக் குளங்கள். ஒவ்வொன்றிலும் கம்பு நட்டுத் தகரத்தில் எண். ஏழைத் தாண்டினேன். அடுத்த தகரத்தில் ஒன்பது.

“எட்டாம் குளம் எங்கங்க?”

“நம்மகிட்ட ஏது டீச்சர் எட்டு? அது நமக்கு ஆவாது. வண்டி நம்பரக் கூட்டுனா எட்டு வந்துச்சுன்னு புது வண்டியவே வித்தவன் நானு. குளத்துக்குப் போய் அந்த நம்பர வப்பனா?”

“அப்ப மொத்தம்?”

“இருவது குளந்தான். நம்பரு இருவத்தொண்ணு வரைக்கும் போவும்.”

“சாருக்கு இது தெரியுமா?”

“சொன்னனே. குப்பில நம்ம பசங்க தகரத்துல உள்ள நம்பரத்தான் எழுதுனாங்க. சாரு அவுரு லிஸ்ட்ட எழுதறப்ப சிரிச்சாரு. ‘நடுவுல ஓட்ட இருந்தா கமிட்டில கேள்வி கேப்பாங்க, நான் ஒண்ணுலேர்ந்து இருவது வரைக்கும் வரிசையா போட்டுக்கறேன்’னாரு. படிச்சவரு, பாத்துதான் செய்வாருன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

நோய் எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டேன். கிழக்கு வரிசை முழுக்க என்றார். பக்கத்துப் பண்ணைக் கழிவுநீர் அந்தப் பக்கம்தான் கசிகிறதாம். மேற்கு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேருந்தில் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தகரத்தின் ஒன்பதாம் குளம் சாரின் பட்டியலில் எட்டாம் குளம். ஏழு வரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு குப்பியும் தன் குளத்தை விட்டுவிட்டு அடுத்த குளத்தின் பட்டியலோடு ஜோடி சேர்ந்திருக்கிறது. அடுத்த குளம் என்றால் வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம். மேற்கே இருக்கும் ஆரோக்கியமான குளத்துக்கு நோய் என்று பெயர். கிழக்கே செத்துக்கொண்டிருந்த குளத்துக்கு ஆரோக்கியம் என்று பெயர்.

ஜூலை 15, திங்கள்

சரியாக ஜோடி சேர்த்து ஓட்டினேன். இருபது பத்திகள். முதல் ஏழைத் தாண்டினால் சிவப்பு இருந்த இடத்தில் நீலம், நீலம் இருந்த இடத்தில் சிவப்பு.

காவல் நுண்ணுயிரி காவலுக்கு நிற்கவில்லை. நோய் வந்த வீடுகளில்தான் குடியிருக்கிறது. அதைத்தான் சார் பாட்டிலில் வளர்த்து, தன் படம் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு படங்களையும் சாரின் மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புதுப் படத்தை மட்டும் மடித்து இழுப்பறையில் வைத்தார்.

“நீ ப்ரோகிராம் படிச்சு எத்தன நாளாச்சு?”

“ஒன்றரை மாசம் சார்.”

“ஒன்றரை மாசம். அதுல தப்பு இருக்காதுன்னு எப்படிச் சொல்ற?”

“பழைய படமும் அதே ப்ரோகிராம்லதான் சார் வருது. ஜோடி சேக்கற இடம் மட்டுந்தான் வேற.”

“வருதுல்ல? அத சப்மிட் பண்ணு. ஹமீதா மேடம் படத்துக்கு ப்ரோகிராம் கேட்டாங்க. படம் தப்பா சரியான்னு கேக்கல.” குரலைத் தாழ்த்தினார். “எக்ஸ்டென்ஷன் வேணும்னா என் கையெழுத்துதான் வேணும். ஏழு வருஷம்மா. யோசிச்சுக்க.”

வெளியே வந்து கேண்டீனில் டீ குடித்தேன். ஆறிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வரும் அழுகை. அதுதான் அசிங்கமானது.

ஜூலை 17, புதன்

துணி துவைத்தேன்.

ஜூலை 20, சனி

மாசிலாமணியிடம் சொன்னேன். அவர் மீன்முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஆபீஸ்ல மீட்டர் தப்பா ஓடுனா, மீட்டர மாத்தணும்னு எழுதுவேன். மேல இருக்கறவன் கிழிச்சுப் போடுவான். மறுபடி எழுதுவேன். நீ என்ன பண்ணப்போற?”

“பட்டம் வாங்கப்போறேன்” என்றேன்.

“சரி” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. உலகத்தில் எத்தனையோ தப்பான படங்கள் ஆய்வேடுகளுக்குள் நிம்மதியாகத் தூங்குகின்றன. என்னுடையதும் தூங்கட்டும். குணரட்சாவை வாங்குகிறவர்கள் லேபிளைப் பார்த்தாவது சுதாரிக்கட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

கூட்டத்துக்கான கோப்பு தயார். பழைய படம், அதை வரையும் நிரல். நிரலை வரி வரியாக இரண்டு முறை படித்துச் சரிபார்த்துவிட்டேன். தேவையில்லாத ஒரு எழுத்துகூட இல்லை.

ஜூலை 24, புதன்

கூட்டம் பதினொரு மணிக்கு. மேஜையில் பிஸ்கட், மிக்சர், பூங்கொத்து. ஹமீதா பானு சின்ன உருவம், பெரிய கைப்பை. பூங்கொத்தை நகர்த்திவிட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டார்.

சார்தான் முதலில் பேசினார். “இந்த ஆய்வு ஏட்டோட நிக்கல மேடம். இன்னைக்குக் காலைலதான் வேதரத்தினம் பண்ணைக்குக் குணரட்சா போயிருக்கு. குஞ்சு விட்டாச்சு. இந்நேரம் ஊத்த ஆரம்பிச்சிருப்பாங்க.”

இன்றைக்கே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.

நிரலைத் திரையில் போடச் சொன்னார் ஹமீதா பானு. போட்டேன். ஓட்டச் சொன்னார். படம் வந்தது. சார் தலையசைத்தார். ஹமீதா பானு மட்டும் திரையை மேலே நகர்த்தச் சொல்லி, நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இந்த கமெண்ட் தமிழ்ல இருக்கே. என்னம்மா இது?” அவரே வாசித்தார். “எட்டாம் குளம் என்று ஒன்று கிடையாது. கீழே உள்ள வரியால்தான் நோய்க்குளம் நல்ல குளம் ஆகியிருக்கிறது.”

அந்த வரியை நீக்க மறந்துவிட்டேன். சமீப காலமாக எனக்கு ஞாபக மறதி அதிகம்.

சார் என்னைப் பார்த்தார். ஏழு வருடமாக எனக்குத் தெரிந்த பார்வை அது. அவர் பேச வாயெடுப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

“பண்ணைக்காரர் எட்டுன்ற நம்பர வைக்கறதில்ல மேடம். குப்பில அவங்க நம்பர் இருக்கு, லிஸ்ட்ல எங்க நம்பர் இருக்கு. எட்டுக்கு மேல எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிருச்சு. சரியா சேர்த்தா இதுதான் வருது.” அடுத்த கோப்பைத் திறந்தேன். அதையும் தவறுதலாகத்தான் அந்தக் கணினியில் போட்டு வைத்திருந்தேன். “இன்னைக்கு குளத்துல ஊத்தறது நோய் வந்த குளத்துல இருந்த கிருமி மேடம். நான் ஒரு போன் பண்ணிக்கலாமா?”

“முதல்ல அதப் பண்ணுங்க” என்றார்.

நடைவழியில் நின்று கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எடுத்தார்.

“சொல்லுங்க டீச்சர்.”

“எங்க சார் அனுப்புன மருந்த ஊத்தாதீங்க. ஊத்திட்டீங்களா?”

“எங்க ஊத்தறது? எட்டு கேன் அனுப்பியிருக்காரு உங்க சாரு. குஞ்சு விட்ட அன்னைக்கு எட்ட எவனாச்சும் தொடுவானா? இன்னும் ஒண்ணு அனுப்பச் சொல்லியிருக்கேன். அது வர்ற வரைக்கும் ஓரமா கெடக்கட்டும்னு சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அடக்கவே முடியவில்லை. என் ஏழு வருட ஆய்வைக் கவிழ்த்த மூடநம்பிக்கை, அதே ஆய்விடமிருந்து அந்த மனிதரின் இருபது குளங்களையும் காப்பாற்றியிருக்கிறது. நான் கற்ற அறிவியல் அரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. நிரலும் நானும் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

“ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க. ஒன்பதாவது வராது. அந்த எட்டையும் திருப்பி அனுப்பிடுங்க.”

உள்ளே போனேன். ஆய்வேட்டைத் திருத்தி எழுத வேண்டும், அதற்கு ஒரு வருட நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கலாம், கைடு கையெழுத்திட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. சார் பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்சரை யாரும் தொடவில்லை. வரும்போது பொட்டலம் கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சார் பேசுவதில்லை. நீட்டிப்புப் படிவம் அவர் மேஜையில் கிடக்கிறது, மேலே பேப்பர் வெயிட்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பக்கத்து ஊர்க் கல்லூரிக் கருத்தரங்கில் சார் சிறப்புரை. தலைப்பு: “இறால் குளங்களின் மறைமுக எதிரி: ஒரு புதிய கண்டுபிடிப்பு”. அதே நுண்ணுயிரிதான். பெயர் மட்டும் காவலிலிருந்து எதிரியாக மாறிவிட்டது. “பல வருஷமா எனக்கு இதுல ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்தது” என்று மேடையில் சொன்னார். நாலாவது பொன்னாடை.

திரையில் காட்டியது நான் வரைந்த படம். கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது பத்திகள் இருந்தன. என் பெயர் இல்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது, இருந்தும் படம் சரியாக இருந்தது.

நிரலை இன்னும் அழிக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை. வீடியோப் பையனின் இரண்டாம் கட்டப் பாடத்தில் சேர்ந்திருப்பதால்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சார் கூப்பிட்டனுப்பினார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எதிரியைக் கண்டுபிடித்த பிறகு மனம் இளகிவிட்டது போல, அல்லது அடுத்த கருத்தரங்குக்கும் படம் வேண்டியிருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, கைடே நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று: ஆய்வின் எத்தனையாவது ஆண்டு. அங்கே பேனா நின்றது.

“எட்டாவது வருஷமாம்மா? எட்டுன்னு போட்டா யூனிவர்சிட்டில கேள்வி கேப்பாங்களே. ஏழுன்னே போட்டு, பக்கத்துல நீட்டிப்புன்னு எழுதிடட்டுமா? பாக்க வரிசையா இருக்கும்.”

“எட்டு இருக்கு சார்” என்றேன். “எட்டுன்னே போடுங்க.”

போட்டார்.